குமாரமங்கலத்துப் பிள்ளைகளும் சீமைச் சிநேகிதமும்

வெளிநாட்டுக்குப் படிக்கப் போன கதையை நான் எழுதறதே கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். இங்க வந்து படிக்கறவங்கள்ல பாதிப் பேரு அந்தக் கதையை வாழ்ந்து பார்த்தவங்க. நாலு பேரு சேர்ந்து எடுத்த வீடு, மொத மாசம் பூரா ரசமும் முட்டைப் பொரியலும், கூட இருக்கற ஆந்திராக்காரன் போடற ஊறுகாய், வெள்ளைக்கார வாத்தியார் பேரைக் கடிச்சுத் துப்பறது... எல்லாம் நீங்களே எழுதி நான் படிச்சு சிரிச்சாச்சு. அதனால நான் ஒரு தொண்ணூறு வருசம் பின்னாடி போறேன். ஆளுங்க நம்ம திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரங்க. கதை முடியற இடம் கோயமுத்தூர்.

எனக்கு ரொம்ப நாளா ஒரு கேள்வி உண்டு. கோயமுத்தூர் மில்லுக்காரங்க ஊர். முதலாளி பக்கமும் பலம், சங்கத்துப் பக்கமும் பலம். இந்த ஊர்ல 1957, 1974, 1977ன்னு மூணு தடவை மக்களவைக்கு ஜெயிச்ச கம்யூனிஸ்ட் பார்வதி கிருஷ்ணன். அவங்க ஒரு ஜமீந்தார் மகள். ஆக்ஸ்போர்டுல படிச்சவங்க. எங்க பெரியப்பா 74ல கதிர் அரிவாளுக்குத்தான் போட்டாரு. "ஜமீன் வீட்டுப் பொண்ணு எப்படிங்க பெரிப்பா இந்தக் கட்சிக்கு வந்தாங்க?"ன்னு கேட்டா, "சீமைல போயி கெட்டுப் போயிட்டாங்கன்னு எங்க மொதலாளி சொல்லுவாரு"ம்பார். மொதலாளி சொன்னது பாதி சரி. அந்த மாத்தம் சீமையிலதான் நடந்தது. ஆனா வகுப்பறையில நடக்கலை. சிநேகிதத்துல நடந்தது.

முதல்ல குடும்பத்தைச் சொல்லிடறேன். அப்பா டாக்டர் பி.சுப்பராயன். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துல இருக்கற குமாரமங்கலம் ஜமீன். ஆக்ஸ்போர்டுல வாடம் காலேஜ். 1926ல இருந்து 1930 வரைக்கும் சென்னை மாகாணத்தோட முதல் மந்திரி. அம்மா ராதாபாய், மங்களூர்க்காரங்க. தலித் பிள்ளைகளுக்கு அந்தக் காலத்துலயே பள்ளிக்கூடம் நடத்தி, சொந்தச் சாதிக்காரங்க ஒதுக்கி வெச்ச குத்முல் ரங்கராவோட மகள். கொங்கு வேளாளர் ஜமீன்ல மங்களூர் சாரஸ்வதப் பிராமணக் குடும்பத்துப் பொண்ணு மருமகளா வந்தது 1912ல. இன்னிக்கும் நம்ம பக்கம் அப்படி ஒரு கல்யாணம்னா ஊர்ல என்ன பேச்சு நடக்கும்னு உங்களுக்கே தெரியும். ராதாபாயும் ஆக்ஸ்போர்டுதான், சோமர்வில் காலேஜ். 1930ல லண்டன்ல நடந்த முதல் வட்டமேஜை மாநாட்டுக்கு இந்தியாவுல இருந்து போன பெண்கள் ரெண்டே பேர். அதுல ஒருத்தர் இவங்க. 1938ல மத்திய மேல்சபைக்குப் போன முதல் பெண் உறுப்பினரும் இவங்களே.

ஆக, சீமைப் படிப்புங்கறது இந்த வீட்டுக்குப் புதுசில்லை. பெரியவர் பரமசிவ பிரபாகர் 1913ல குமாரமங்கலத்துல பிறந்தார். ஈட்டன் பள்ளிக்கூடத்துல படிச்சு, ஊல்விச் ராணுவ அகாடமிக்குப் போயி, 1933ல அதிகாரியானார். மோகன் பிறந்ததே லண்டன்ல, 1916 நவம்பர் 1. அவரும் ஈட்டன், அப்புறம் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் காலேஜ். ஈட்டனையும் கிங்ஸையும் கட்டினது ஒரே ராஜா, ஆறாம் ஹென்றி. அங்க இருந்து இங்க போறது வண்டிப் பாதை மாதிரி, காளையே தானாப் போயிடும். கடைக்குட்டி பார்வதி, 1919ல பிறந்தவங்க, ஆக்ஸ்போர்டு.

இந்த இடத்துல ஒண்ணு சொல்லியாகணும். இவங்க நம்மள மாதிரி பேங்க் லோன் போட்டு, அவிநாசி ரோடு கன்சல்டன்சியில வரிசையில நின்னு போன ஆளுங்க கிடையாது. அரிசிம்பருப்புக்கு ஏங்கி அழுதிருப்பாங்களான்னு எனக்குச் சந்தேகம்தான். சின்ன வயசுலயே இங்கிலீஷ் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்குப் பழகின வயிறு. ஈட்டன்ல படிச்சவன் கேம்பிரிட்ஜுக்குப் போனா அவனுக்கு வெள்ளைக்காரப் பசங்களே பழைய சிநேகிதங்க. இந்தியப் பசங்க பக்கம் திரும்பிப் பார்க்கவே வேண்டியதில்லை. அப்படித் திரும்பாம இருந்தவங்களும் நெறைய உண்டு. மோகனும் பார்வதியும் திரும்பினாங்க. என் கதை அங்கதான் ஆரம்பிக்குது.

மத்த இந்திய மாணவர்கள் பாடு வேற. பம்பாயில பல்லார்ட் பியர்ல கப்பல் ஏறினா ஏடன், சூயஸ், மார்செய்ல்ஸ்னு ரெண்டு மூணு வாரம். இறங்கினதும் மொத வேலை ரூம் தேடறது. ஜன்னல்ல 'வாடகைக்கு அறை'ன்னு அட்டை தொங்கும். கதவைத் தட்டினா வீட்டுக்காரம்மா மூஞ்சியைப் பார்ப்பா, "இப்பத்தான் ஆள் வந்துட்டாங்க"ம்பா. மறுநாளும் அட்டை அங்கயே தொங்கும். ரூம் கெடைச்சாலும் குளிருக்குக் கேஸ் அடுப்பு, அதுக்கு ஒரு மீட்டர், மீட்டருக்குள்ள காசு போட்டாத்தான் எரியும். சில்லறை தீர்ந்தா கோட்டைப் போட்டுட்டே படுக்கணும். சாப்பாடு வேகவெச்ச உருளைக்கிழங்கு, வேகவெச்ச கோஸ், வேகவெச்ச இன்னொண்ணு.

இப்படி அல்லாடறவங்களுக்கு லண்டன்ல ஒரு நெழல் உண்டு. ஒய்.எம்.சி.ஏ.வோட இந்திய மாணவர் விடுதி. 1920ல ஆரம்பிச்சு, அப்புறம் கோவர் தெருவுக்கு வந்தது. இப்ப ஃபிட்ஸ்ராய் சதுக்கத்துல இருக்கு. உங்கள்ல லண்டன்காரங்க அங்க போயி சாப்பிட்டிருப்பீங்க. அதை ஆரம்பிச்சவர் யாருன்னு நெனைக்கறீங்க? கே.டி.பால். கனகராயன் திருச்செல்வம் பால், நம்ம சேலத்துக்காரர்! இந்திய ஒய்.எம்.சி.ஏ.வுக்கு முதல் இந்தியப் பொதுச் செயலாளர். ராதாபாய் போன அதே 1930 வட்டமேஜை மாநாட்டுக்கு இவரும் போனார். திரும்பி வந்து 1931ல சேலத்துலயே காலமானார். மதம் பார்க்காம, மாகாணம் பார்க்காம எல்லா இந்தியப் பசங்களும் ஒரே கூரைக்குக் கீழ தங்கி, ஒண்ணா உக்காந்து சாப்பிடணும், வெள்ளைக்காரனும் வந்து கூட உக்காந்து பேசணும்ங்கறதுதான் அந்த விடுதியோட நோக்கம். சேலத்துல இவர் பேரைச் சொன்னா எத்தனை பேருக்குத் தெரியும்? விடுங்க, வயித்தெரிச்சல்.

காசிருந்தா ஜெரார்ட் தெருவுல ஷாஃபீஸ்னு ஒரு சாப்பாட்டுக் கடை. இந்திய மாணவர்கள் கூடற மடம் அது. ரீஜென்ட் தெருவுல 1926ல தொறந்த 'வீராசாமி'ன்னு ஒண்ணும் உண்டு. பேரைப் பார்த்துட்டு நம்மாளு கடைன்னு மீசையை முறுக்கிடாதீங்க, தொறந்தவர் எட்வர்ட் பாமர்ங்கறவர். அங்க சாப்பிட மாணவனுக்குக் கட்டுப்படியாகாது.

இப்ப 'மஜ்லிஸ்' விசயத்துக்கு வர்றேன். கேம்பிரிட்ஜ்ல 1891லயும், ஆக்ஸ்போர்டுல 1896லயும் இந்திய மாணவர்கள் ஆரம்பிச்ச சங்கம் அது. மஜ்லிஸ்னா பாரசீகத்துல சபை, கூட்டம். விவாதம் பண்றது, ஊர்ல இருந்து வர்ற தலைவர்களைக் கூப்பிட்டுப் பேச வைக்கறது, நடுவுல நல்ல சாப்பாடு. கேட்டா சாதாரணமாத்தான் இருக்கும். ஆனா அந்தக் காலத்து இந்தியாவை நெனைச்சுப் பாருங்க. திருச்செங்கோட்டுக்காரன் வங்காளியை எங்க பார்ப்பான்? பஞ்சாபி முஸ்லிமோட ஒரே மேஜையில எப்ப சாப்பிடுவான்? இந்தியாவுக்குள்ள இருந்திருந்தா இவங்க ஒருத்தரை ஒருத்தர் சந்திச்சிருக்கவே மாட்டாங்க. இந்தியாவைப் பார்க்கறதுக்கு லண்டன் போக வேண்டியிருந்தது. (இன்னிக்கும் டெக்சாஸ்ல போயித்தான் நம்ம பசங்க ஒடியாக்காரனைப் பார்க்கறாங்க, அது வேற.)

1930களோட நடுவுல அந்த மேஜையைச் சுத்தி யாரெல்லாம் உக்காந்திருந்தாங்கன்னு பாருங்க. கிங்ஸ் காலேஜ்ல மோகனும் இந்திரஜித் குப்தாவும். கேம்பிரிட்ஜ்ல நியூன்ஹாம் காலேஜ்ல ரேணு ராய், பி.சி.ராயோட உறவுக்காரப் பொண்ணு. ஆக்ஸ்போர்டுல நிகில் சக்கரவர்த்தி. லண்டன்ல சட்டம் படிக்க வந்த ஜோதி பாசு, பூபேஷ் குப்தா. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்ல பி.என்.ஹக்ஸர், பெரோஸ் காந்தி. 1937 அக்டோபர்ல சோமர்வில்லுக்கு, அதாவது ராதாபாய் படிச்ச அதே காலேஜுக்கு, இந்திரா நேரு வந்து சேர்றாங்க. அப்புறம் என்.கே.கிருஷ்ணன்னு ஒரு தமிழ் மாணவர். பார்வதி பின்னாடி கல்யாணம் பண்ணிக்கிட்டது இவரைத்தான்.

அந்த வருசங்கள் லேசுப்பட்ட வருசங்கள் இல்லை. 1936ல ஸ்பெயின்ல உள்நாட்டுப் போர். கேம்பிரிட்ஜ் பசங்க துப்பாக்கியைத் தூக்கிட்டு அங்க போறாங்க, ஜான் கார்ன்ஃபோர்டுங்கற இளம் கவிஞன் இருபத்தொரு வயசுல அங்க சாகறான். ஹிட்லர் ஜெர்மனியில உக்காந்தாச்சு. படிச்ச பசங்களுக்குப் பாசிசத்தை எதுத்து உருப்படியா நிக்கறது கம்யூனிஸ்டுங்கதான்னு தோணின காலம். இந்தியப் பசங்களுக்குன்னே கேம்பிரிட்ஜ்ல ஒரு படிப்பு வட்டம் இருந்தது. அதை மொதல்ல பார்த்துக்கிட்டவர் கனடாக்காரர் ஹெர்பர்ட் நார்மன். அப்புறம் டிரினிட்டி காலேஜ் விக்டர் கியர்னன். கியர்னன் சரித்திரக்காரர், 1938ல இந்தியாவுக்கே கெளம்பி வந்து எட்டு வருசம் இருந்தார். ஊர்ல கவர்னர், கலெக்டர்னு பார்த்து வளர்ந்த பையனுக்கு, அதே நெறத்துக்காரன் ஒருத்தன் டீயை ஊத்திக் குடுத்துட்டு "நாங்க உங்க நாட்டை விட்டுப் போகணும், அதுக்கு என்ன வழின்னு சேர்ந்து யோசிப்போம்"னு உக்காந்தா எப்படி இருந்திருக்கும்! புத்தகத்தைவிட அந்த டீ பெருசுன்னு நான் நெனைக்கறேன். கிங்ஸ்ல மோகனோட படிச்ச சரித்திர ஆசிரியர் எரிக் ஹாப்ஸ்பாம் 2002ல எழுதின தன் வரலாற்று நூல்ல மோகனை மறக்காம நெனைவு வெச்சு எழுதறார்.

மோகன் சும்மா கும்பல்ல ஒருத்தர் இல்லை. 1938ல கேம்பிரிட்ஜ் யூனியன் சங்கத்துக்குத் தலைவரானார். பெரிய பெரிய பிரிட்டிஷ் மந்திரிகள் மாணவரா இருந்தப்ப உக்காந்த நாற்காலி அது. அதே சமயம் தங்கச்சி பார்வதி படிச்ச ஆக்ஸ்போர்டு யூனியன்ல பொண்ணுங்களுக்கு உறுப்பினர் சீட்டே கிடையாது. கேம்பிரிட்ஜ்லயும் கிடையாது. ரெண்டு சங்கமும் 1963லதான் பொண்ணுங்களைச் சேர்த்தாங்க. ஆக்ஸ்போர்டு 1920 வரைக்கும் பொண்ணுங்களுக்குப் பட்டமே குடுக்கலை. கேம்பிரிட்ஜ் 1948ல. நம்மளை நாகரிகமாக்க வந்தவங்க லட்சணம் :-). இந்திய மாணவர்கள் ஆரம்பிச்ச கூட்டங்கள்ல ரேணுவும் பார்வதியும் எல்லாரோடயும் சரிசமமா வேலை செஞ்சாங்க.

லண்டன் மஜ்லிஸுக்கு ஜோதி பாசு செயலாளர். நேரு, சுபாஷ் சந்திர போஸ்னு 1938ல லண்டன் வந்தவங்களுக்கு எல்லாம் வரவேற்பு. கிருஷ்ண மேனனோட இந்தியா லீக்குக்குக் கூட்டம் சேர்க்கறது. எனக்குப் பிடிச்ச விசயம் வேற. கிழக்கு லண்டன் துறைமுகத்துல வங்காளத்துக் கப்பல் தொழிலாளிகள் நெறையப் பேரு இருந்தாங்க, எழுதப் படிக்கத் தெரியாதவங்க. பாசுவும் நண்பர்களும் அங்க போயி அவங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுத்தாங்க. பாரிஸ்டர் ஆகறதுக்குப் போன பணக்கார வீட்டுப் பையன் வாழ்க்கையில மொத மொதலா ஒரு கூலித் தொழிலாளிக்குப் பக்கத்துல பெஞ்சுல உக்கார்ந்தது கல்கத்தாவுல இல்லை, லண்டன்ல.

இத்தனையும் போலீஸ் பார்த்துக்கிட்டே இருந்தது. 1909ல மதன்லால் திங்க்ரா லண்டன்ல கர்சன் வைலியைச் சுட்டதுல இருந்தே இந்திய மாணவன்னா அரசாங்கத்துக்குக் கிலி. இதுக்குன்னே 'இந்தியன் பொலிட்டிகல் இன்டெலிஜென்ஸ்'னு ஒரு ரகசிய அலுவலகம். யாரு யாரோட பேசறான், எந்தக் கூட்டத்துக்குப் போறான்னு எழுதி வெச்சாங்க. அந்தக் கோப்புகள் 1997ல பிரிட்டிஷ் நூலகத்துல பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. நம்ம பசங்க நாட்குறிப்பு எழுதலைன்னாலும் அவங்களுக்காக வெள்ளைக்காரன் எழுதி வெச்சிருக்கான்.

ஊர் திரும்பினப்ப அவங்ககிட்ட எதிர்பார்த்தது பாரிஸ்டர் வேலையும் ஐ.சி.எஸ்.ஸும். மோகன் 1939ல வந்தார். அப்பா அந்த வருசம் வரைக்கும் ராஜாஜி மந்திரிசபையில சட்டம், கல்விக்கு மந்திரி. பையனோ தடை செஞ்ச கட்சியில. 1941 சென்னைச் சதி வழக்குல பி.ராமமூர்த்தியோட சேர்ந்து ஜெயிலுக்குப் போனார். அண்ணன் பிரிட்டிஷ் ராணுவத்துல அதிகாரி, தம்பி பிரிட்டிஷ் ஜெயில்ல கைதி. 1942ல கட்சி மேல இருந்த தடை நீங்குச்சு. அதே வருசத்துல மூணு கல்யாணம்: இந்திராவுக்கும் பெரோஸுக்கும், ரேணுவுக்கும் நிகிலுக்கும், பார்வதிக்கும் கிருஷ்ணனுக்கும். அந்த மேஜையில உக்காந்தவங்க அப்படியே சொந்தமாயிட்டாங்க. மோகன் கட்டிக்கிட்டதும் வங்காளத்துப் பொண்ணு கல்யாணி முகர்ஜி. பின்னாளில் மேற்கு வங்க முதலமைச்சரான அஜய் முகர்ஜியோட உறவு. சாதி பார்க்கலை, பாஷை பார்க்கலை. அப்பா அம்மாவே 1912ல வழி காட்டிட்டாங்களே.

இவங்க சீமையில விவாதம் பண்ணிட்டிருந்த வருசங்கள்ல கோயமுத்தூர் என்ன செஞ்சுட்டிருந்ததுன்னும் சொல்லணும், இல்லாட்டி கதை ஒருதலையாயிரும். பைக்காரா மின்சாரம் 1930களோட ஆரம்பத்துல வந்ததும் மில்லுங்க மளமளன்னு கெளம்புச்சு. கூடவே என்.ஜி.ராமசாமி, ஜீவா மாதிரி ஆளுங்க சங்கம் கட்டினாங்க. அடி, உதை, கதவடைப்பு எல்லாம் நடந்தது. 1946 ஜனவரி 8ல சின்னியம்பாளையத்துத் தொழிலாளிகள் நாலு பேர், ராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன், கோவை ஜெயில்ல தூக்குல தொங்கினாங்க. கம்யூனிசம் கோயமுத்தூருக்குக் கேம்பிரிட்ஜ்ல இருந்து வந்ததுன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. இங்க அது ஏற்கெனவே ரத்தம் சிந்தி வேர் விட்டிருந்தது. ஆக்ஸ்போர்டுல படிச்சவங்களை இந்த ஊர் ஏத்துக்கிச்சு, அவ்வளவுதான். அதுவும் சும்மா ஏத்துக்கலை, பல வருசம் தொழிற்சங்க வேலை பார்த்த பொறவு.

1957 மக்களவையைக் கண்ணை மூடிக் கற்பனை பண்ணிப் பாருங்க. திருச்செங்கோட்டுல இருந்து காங்கிரஸ் உறுப்பினரா சுப்பராயன், 1959ல மத்திய மந்திரியும் ஆயிட்டார். எதிர்வரிசையில கோயமுத்தூர்ல இருந்து கம்யூனிஸ்ட் உறுப்பினரா அவர் மகள் பார்வதி. பார்வதி கட்சியிலயே ரேணு சக்கரவர்த்தி, 1960ல இடைத்தேர்தல்ல வந்த இந்திரஜித் குப்தா. காங்கிரஸ் பக்கம் ரேபரேலி பெரோஸ் காந்தி. மேல்சபையில பூபேஷ் குப்தா. மந்திரி வரிசையில கிருஷ்ண மேனன். கோவர் தெருவைச் சுத்தின கும்பல்ல பாதி டெல்லியில உக்காந்திருந்தது.

1964ல கட்சி ரெண்டா உடைஞ்சது. ஜோதி பாசு ஒரு பக்கம், இந்திரஜித்தும் பூபேஷும் பார்வதியும் இன்னொரு பக்கம். மோகன் ரெண்டையும் விட்டு காங்கிரஸ் பக்கம் நகர்ந்தார். 1966ல சென்னை மாநில அட்வகேட் ஜெனரல். அதே 1966ல அண்ணன் இந்திய ராணுவத் தலைமைத் தளபதி. 1967ல இந்திராவோட செயலாளரா ஹக்ஸர். 1971ல புதுச்சேரியில ஜெயிச்சு மோகன் மத்திய மந்திரி. நிலக்கரிச் சுரங்கங்களை நாட்டுடைமை ஆக்கினதுல அவர் கை பெரிய கை. 1973ல மூத்த நீதிபதிகள் மூணு பேரைத் தாண்டி ஏ.என்.ரேயைத் தலைமை நீதிபதியாக்கினப்ப, நாடாளுமன்றத்துல அதை நியாயப்படுத்தி வாதாடினவரும் அவர்தான்.

இங்க எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. இருபது வயசுல ஒரே மேஜையில சாப்பிட்டவங்க அம்பது வயசுல ஒரு தேசத்தை நடத்தறப்ப, "நம்ம ஆளு, நமக்குத் தெரியும்"ங்கற நம்பிக்கை ரொம்ப தூரம் போயிருது. வெளியே நிக்கறவன் கேள்வி கேட்டா அது காதுல ஏறாது. நீதிபதி விவகாரத்துல மோகனோட வாதம் எனக்கு ஒப்பலை. நீதிபதி சமூக நோக்கம் உள்ளவரா இருக்கணும்ங்கறது கேக்க நல்லாத்தான் இருக்கு, அந்த நோக்கம் யாரோடதுன்னு சொல்றது யாரு? ரெண்டு வருசத்துல நெருக்கடி நிலை வந்தப்ப அந்தக் கும்பலே சிதறிப் போச்சு. பார்வதியோட கட்சி ஆதரிச்சது. நிகில் சக்கரவர்த்தி தணிக்கைக்குப் பணியாம 1976 கடைசியில தன்னோட 'மெயின்ஸ்ட்ரீம்' பத்திரிகையையே நிறுத்தினார். அந்தச் சிநேகிதம் எல்லாரையும் ஒரே பக்கம் கொண்டு போய் நிறுத்தலைங்கறது எனக்கு ஒரு ஆறுதல்.

ஆனா அவங்களுக்காவது சிதறி நிக்க நாடு இருந்தது. படிப்பு வட்டத்தை நடத்தின கனடாக்காரர் ஹெர்பர்ட் நார்மனை நெனைச்சாத்தான் மனசு கனக்குது. அவர் ஜப்பான் சரித்திரத்துல பெரிய அறிஞர், அப்புறம் எகிப்துக்குத் தூதர். அமெரிக்காவுல கம்யூனிஸ்ட் வேட்டை நடந்தப்ப, கேம்பிரிட்ஜ்ல இந்தியப் பசங்களோட சுத்தின பழைய கதையையும் சேர்த்துத் தோண்டித் துருவினாங்க. 1957 ஏப்ரல் 4ல கெய்ரோவுல ஒரு கட்டிடத்து மேல இருந்து குதிச்சு உசுரை விட்டார். அந்த வட்டத்துல இருந்து வந்த பார்வதி அதே வருசம் கோயமுத்தூர்ல ஜெயிச்சு நாடாளுமன்றம் போறாங்க. அதே கிங்ஸ்ல படிச்ச இந்திரஜித் குப்தா 1996ல இந்தியாவோட உள்துறை மந்திரியே ஆனார். ஒரே சிநேகிதம், எந்த நாட்டுக்குத் திரும்பறோம்ங்கறதைப் பொறுத்து ஒருத்தருக்குக் குற்றம், இன்னொருத்தருக்குத் தகுதி.

1973 மே 31. மெட்ராஸ்ல இருந்து டெல்லி போன இந்தியன் ஏர்லைன்ஸ் போயிங் விமானம் பாலம் விமான நிலையத்துக்குப் பக்கத்துல, மோசமான வானிலையில, மின்கம்பியில மோதி விழுந்தது. 65 பேர்ல 48 பேர் செத்தாங்க. மோகன் குமாரமங்கலம் அதுல ஒருத்தர். அந்த விமானத்துல செத்த இன்னொருத்தர் கே.பாலதண்டாயுதம், அப்ப கோயமுத்தூர் எம்.பி.

பாலனைப் பத்தி ரெண்டு வரி சொல்லணும். பொள்ளாச்சியில பிறந்து, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து மாணவர் போராட்டத்துல இருந்து கட்சிக்கு வந்தவர். வருசக்கணக்கா ஜெயில்ல கெடந்தவர். பேச எழுந்தா மைதானமே அசையாதுன்னு பெரியப்பா சொல்லுவார். மோகனுக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. ஒருத்தர் கேம்பிரிட்ஜ் மாணவர் சங்கம், ஒருத்தர் சிதம்பரம் மாணவர் சங்கம். அப்ப ஒருத்தர் ஆளுங்கட்சி மந்திரி, ஒருத்தர் கம்யூனிஸ்ட் எம்.பி. அன்னிக்கு ஒரே விமானம்.

அதனால காலியான கோயமுத்தூர் தொகுதிக்கு 1974ல இடைத்தேர்தல். கட்சி நிறுத்தின ஆள் பார்வதி கிருஷ்ணன். ஒரே விபத்துல அண்ணனையும் தோழரையும் பறிகொடுத்துட்டு, அந்தத் தோழரோட இடத்துக்கே ஓட்டுக் கேட்டு வந்து நின்னாங்க. எங்க பெரியப்பா ஓட்டுப் போட்டது அந்தத் தேர்தல்லதான். ஜெயிச்சாங்க. 1977லயும் ஜெயிச்சாங்க. 1980ல தி.மு.க.வோட இரா.மோகன் வந்துட்டார்.  2014 பிப்ரவரி 20ல கோயமுத்தூர்லயே, 94 வயசுல காலமானாங்க.

இதை எழுதறப்ப அக்கா பையன் பர்மிங்காம் போறதுக்குப் பெட்டி கட்டிட்டிருக்கான். ரூமுக்கு ஆள் தேடறானாம். "கோயமுத்தூர்க்காரங்களா மட்டும் பாத்துச் சேர்த்துக்கடா"ங்கறா எங்கக்கா. நான் இந்தக் கதையை மொத்தமா அவனுக்குச் சொல்லிட்டேன். "மாமா, அவங்களுக்குப் பார்ட் டைம் வேலை இல்லை, அதான் மஜ்லிஸ் நடத்தினாங்க"ங்கறான். பதில் சொல்லத் தெரியலை.

சேலத்து கே.டி.பால் பத்தித் தனியா எழுதறேன்.